மழையூருக்குக் குடிபோகுமுன்: ஹட்டனில் நான் கண்டவை

ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாப் பக்கம் போய்வரும் நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஒரே ஆசைதான்: "இந்தக் குளிரிலேயே இருந்துவிட்டால் என்ன?" வியாபாரம், ஆசிரியர் நியமனம், இடமாற்றம் என்று உண்மையிலேயே மலைநாட்டுக்குக் குடிபோகின்றவர்களும் நம்மிடையே உண்டு. எங்கள் குடும்பம் அவற்றுள் ஒன்று. பத்தாம் தரம் வரை நமது கல்லூரியில் படித்த நான், வாப்பா ஹட்டனில் புடவைக்கடை தொடங்கியதால் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். மலைநாட்டின் அழகைப் பற்றி எழுதியவர்கள் பலர். அங்கே குடியிருப்பதிலுள்ள சிரமங்களை அவற்றின் காரணங்களோடு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மழையைப் பார்ப்போம். நமது கிழக்குக் கரைக்குப் பெரும்பாலான மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஹட்டனுக்கோ தென்மேல் பருவக்காற்றே பெருமழையைக் கொண்டுவருகிறது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலே எழும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை இழந்தபின் மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடேறி வரட்காற்றாகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் நம் ஊரில் வாயையும் தோலையும் உலர வைக்கும் கச்சான் காற்று அதுதான். நாம் இங்கே கச்சானை ஏசிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், ஹட்டனில் அதே காற்றின் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டிருப்பார்கள். மட்டக்களப்பில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர். ஹட்டனுக்குச் சற்றுக் கீழேயுள்ள வட்டவளையில் அது 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும்.

ஹட்டன் நகரம் உருவானதும் இந்த மழையால்தான். கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின்னர், மழையும் குளிரும் சரிவும் வேண்டிய தேயிலை இம்மலைகளில் பரவியது. 1884 இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அப்பாதையின் முதல் வேலையாக இருந்தது. தோட்டப் பாதைகளும் அவ்வாறே. பங்களாவையும் தொழிற்சாலையையும் பிரதான வீதியோடு இணைக்கவே அவை வெட்டப்பட்டன. லயத்திலிருக்கும் பிள்ளை பாடசாலைக்கு எப்படிப் போகும், நோயாளி வைத்தியரிடம் எப்படிப் போவார் என்று யாரும் எண்ணிப் போட்ட பாதைகள் அல்ல அவை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. இன்று மழை பெய்தால் சேறாகிப் போகும் பல பாதைகளின் கதை இதுவே.

ஹட்டன் நகரத்தில் சமதரை மிகக் குறைவு. கடைவீதி ஒடுக்கமானது, அங்கே வாடகையும் அதிகம். ஆகவே புதிதாகக் குடிவருவோர் நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில் வீடு பார்க்கிறார்கள். எங்கள் வீடும் கடையிலிருந்து நான்கு கிலோமீற்றர் தள்ளித்தான். நம் ஊரில் நான்கு கிலோமீற்றர் என்றால் சைக்கிளில் கால் மணித்தியாலம். அங்கே ஏற்றமும் வளைவும் மழையும் மூடுபனியும் சேர்ந்து சைக்கிளை மறக்கச் செய்துவிடும். பிரதான வீதியில் பகலில் பஸ் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து அந்த வீதிக்கு இறங்க வேண்டும். எங்கள் பாதையில் மாலை ஆறரைக்குப் பின் பஸ்ஸும் இல்லை. மிஞ்சுவது ஆட்டோ. நகரத்தை விட்டுத் தள்ளிப் போனதில் வாடகையில் மிச்சமான பணம் ஆட்டோவுக்கே போயிற்று என்பது உம்மாவின் கணக்குக் கொப்பி சொல்லும் உண்மை.

இதனால் அதிகம் இழந்தவர் உம்மாதான் என்பேன். இங்கே இருந்தபோது அவர் ராத்தாவின் வீடு, சந்தை, மருந்துக்கடை, பாடசாலைக் கூட்டம் என்று எங்கும் தாமாகவே நடந்து போய்வருவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஹட்டனில் ஒரு கட்டு கீரைக்கும் வாப்பா கடையடைத்து வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டாரோடு பேசக்கூட மழை விட வேண்டும். வாகனத்தை நம்பிய ஊரில், வாகனம் ஓட்டத் தெரியாத பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் இன்னொருவரின் நேரத்தை நம்பியே வாழ வேண்டியிருக்கிறது.

அடுத்தது வீட்டுப்பாடு. ஜூலையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. வெள்ளைச் சீருடையையும் பர்தாவையும் அடுப்படியில் கொடி கட்டிக் காய வைத்து, மீதி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்க வேண்டும். அலுமாரியில் வைத்த சப்பாத்தும் புத்தக உறையும் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு, தடிமன் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஈரம் ஒத்துக்கொள்ளாது. என் தம்பி முதல் வருடம் முழுவதும் இருமினான். டிக்கோயா கிளங்கனில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது; இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட அதன் புதிய கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. இருந்தும் நடுநிசியில் மூச்சுத் திணறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் அங்கே போக ஒரு வாகனம் வேண்டுமே!

மாணவிகளே, உங்களைத் தொடும் விடயத்துக்கு வருகிறேன். நாங்கள் போன வருடமே நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. 2022 ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் மட்டுமே. சமதரை ஊர்களில் பலர் சைக்கிளுக்கு மாறினர். மலையில் அதுவும் முடியாது. நான் சாதாரண தரத்துக்குப் படித்த அந்த ஆண்டில், மேலதிக வகுப்புக்குப் போவதா இல்லையா என்பதைப் பெற்றோல் தீர்மானித்தது.

உயர்தரத்தில் என்னோடு உயிரியல் படித்த தோழி ஒருத்தி தோட்டத்திலிருந்து வருபவள். மூன்று கிலோமீற்றர் நடந்துதான் பஸ் ஏறுவாள். மாலை வகுப்பு முடியும்போது இருட்டிவிடும். மழையும் அட்டையும் உள்ள பாதையில் தனியே ஏறிப் போக அவளுடைய அம்மா விடவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? எனக்கு அழைத்துப்போக வாப்பாவின் வாகனம் இருந்தது, அவளுக்கு இல்லை. அவள் வகுப்பை விட்டதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பாதுகாப்பையும் மறந்துவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நம் பெற்றோர் அறிவர். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நான் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். மலைநாட்டு வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. எஞ்சிய பரீட்சைகள் 2026 ஜனவரிக்குத் தள்ளிப்போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழையை வைத்து மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். சரிவில் குடியிருப்போர் இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் சொன்னதால் ஹட்டனுக்குப் போகவே கூடாது என்று பொருளில்லை. அங்கே நல்ல அயலவர்கள் கிடைத்தார்கள். வாப்பாவின் கடையும் நடக்கிறது. குடிபோக எண்ணும் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: ஏப்ரலில் பார்த்துவந்த ஊரை ஜூன் மாதத்தில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். வீட்டு வாடகையோடு மாதாந்தப் போக்குவரத்துச் செலவையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டையும் சுவரின் வெடிப்பையும் கவனியுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அயலில் விசாரியுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் நடந்து போகக்கூடிய வீடே மேல். வீட்டில் எத்தனை அறை என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் மனைவியும் மகளும் யாரையும் எதிர்பாராமல் மழை நாளில் எங்கெங்கே போய்வர முடியும் என்று பாருங்கள்.