பெட்டிக்கடைக் காலம் – 9: யோகோசூனா கையில் இருந்தால்

ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் 1747-இல் கட்டியது. வீரமாமுனிவர் பணி செய்த ஊர். ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா நாடகம், அதன் பின் தேர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வந்து சேரும். 1990-களில் அந்தக் கூட்டத்துக்குள் பையன்கள் முண்டியடித்துப் போனது டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த வீரர்களின் கார்டுக் கட்டு வாங்க.

இன்று நாற்பதைத் தொடும் அந்தப் பையன்கள் தேருக்கு ஊர் வந்தால், டீக்கடையில் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. "மாப்ள, யோகோசூனா யார்கிட்ட இருந்துச்சு?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

ஆட்டம் எளிது. கட்டைக் குலுக்கிச் சரிபாதி பிரித்துக்கொள்வோம். மேல் கார்டில் உள்ள வீரரைப் பார்த்து ஒருவன் உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை, ரேங்க் இவற்றில் ஒன்றைச் சொல்லுவான். பெரிய எண் வைத்திருப்பவனுக்கு எதிராளியின் கார்டு. ரேங்கில் மட்டும் சின்ன எண்ணுக்கே வெற்றி. புதிதாக ஆட வருகிறவன் ஏமாறுவது அங்கேதான். யோகோசூனா வந்தால் யோசிக்காமல் 'வெயிட்'. ஜெயன்ட் கான்சலஸ் வந்தால் 'ஹைட்', எட்டடி. நோஞ்சான் கார்டு வந்தால்தான் மூளைக்கு வேலை. எதிராளி கையில் எது மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அவன் எதில் குறைவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டு முழுவதும் மனப்பாடம் ஆகாமல் இது நடக்காது. பள்ளியில் மீட்டரும் கிலோவும் படித்த எங்களுக்கு அடி, அங்குலம், பவுண்டு பழகியது இந்த அட்டைகளில்தான். வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறியவன் முப்பது பேரின் மார்பளவைத் தூக்கத்திலும் சொல்வான். அதைப் படிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மல்யுத்த வீரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்ற கதையும் கார்டோடு கூடவே வந்தது. கேபிள் இணைப்பு இருந்த ஒரே வீட்டில் பார்த்தவன் வந்து சொல்வான், சவப்பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள் என்று. அது நிஜமாகக் காட்டப்பட்டதுதான். 1994 ஜனவரியில் யோகோசூனாவோடு நடந்த சண்டையில் பலர் சேர்ந்து அவரைப் பெட்டிக்குள் அடைத்தார்கள். ஆகஸ்டில் திரும்பி வந்து, பிரையன் லீ என்பவர் போட்டிருந்த போலி அண்டர்டேக்கர் வேடத்தோடு மோதினார். அதே பிரையன் லீதான் 1996-இல் 'கிலாடியோங் கா கிலாடி' இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக வந்து அக்‌ஷய் குமாரோடு சண்டை போட்டவர். செத்தவர் எழுந்து வந்து இந்திப் படத்திலும் நடிக்கிறார் என்றால், ஏழு உயிரை எந்தப் பையன் நம்பாமல் இருப்பான்?

கார்டில் இல்லாத விவரங்கள் பின்னால்தான் தெரிந்தன. ஜப்பான்காரர் என்று நாங்கள் நம்பிய யோகோசூனா, அமெரிக்காவில் பிறந்த சமோவா வம்சத்தவர். எங்களை ஜெயிக்க வைத்த அந்த எடையே கடைசியில் அவரை அரங்கத்துக்கு வெளியே நிறுத்தியது. 2000-இல், 34 வயதில் இறந்தார். கான்சலஸ் அர்ஜென்டினாவின் கூடைப்பந்து ஆட்டக்காரர். 1988-இல் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரைத் தேர்வு செய்தது. அவருடைய நிஜ உயரம் ஏழடி ஏழு அங்குலம். அந்த அசாதாரண வளர்ச்சியே நோயாக இருந்தது. 2010-இல், 44 வயதில் போய்ச் சேர்ந்தார். 'ஹைட்' என்று கத்திய குரல் இன்றைக்கு எனக்கே உறுத்துகிறது.

மல்யுத்தத்தை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் டாம் ஃபில்சிங்கர் 1986-இல் வெளியிட்ட 'சாம்பியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி'யில் கார்டோடு பகடையும் சேரும். வீரர்கள் அனைவரும் கற்பனை. அந்த விளையாட்டுக்கு வரலாறு எழுதி வைக்க ஆள் இருக்கிறது. நம் கட்டுகளுக்கு அது இல்லை. கட்டுக்குக் கட்டு எண்கள் மாறின, தெருவுக்குத் தெரு விதிகள் மாறின. எண் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் அன்றைய சண்டை இன்னும் தீரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள எண்களையும், உங்கள் தெருவில் ஆடிய விதிகளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.