உலோகங்களின் மறுவாழ்வு – 9: டயர் கடை வாளி

சென்ற வாரம் அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளைப் பார்த்தோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கலவை, டயர் கடை மூலையில் ஓர் அழுக்கு வாளிக்குள் கிடக்கிறது. சக்கரத்துக்கு பேலன்சிங் பார்க்கும்போது விளிம்பில் சுத்தியலால் தட்டிப் பொருத்துவார்களே, அந்த எடைத்துண்டுகள்தான். அமெரிக்காவில் இந்த வாளியை விலை பேசி வாங்கிப்போய், கொல்லைப்புறத்தில் உருக்கிப் பாளங்களாக ஊற்றி வைப்பது பலருக்கு நெடுநாள் வழக்கம். வேண்டும்போது பாளத்தை எடுத்து, தூண்டில் குண்டோ துப்பாக்கிக் குண்டோ வார்த்துக்கொள்வார்கள்.

சுத்தமான காரீயம் நகம் பட்டாலே கீறும். பிரினெல் அளவில் அதன் கடினம் ஏறக்குறைய 5. கிளிப் வைத்த எடைத்துண்டில் காரீயத்தோடு சுமார் 3 சதவீதம் ஆண்டிமனியும் துளியளவு வெள்ளீயமும் ஆர்சனிக்கும் உண்டு. அதனால் கடினம் இரட்டிப்பாகிறது. அச்சிலிருந்து சூடாக விழும் குண்டைத் தண்ணீரில் போட்டால் இன்னும் இறுகும். அந்த ஆர்சனிக் துளி செய்யும் வேலை அது. பசையால் ஒட்டும் துண்டுகளோ கிட்டத்தட்டத் தூய காரீயம். குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் பழங்காலத் துப்பாக்கிகளுக்கு அந்த மென்மைதான் தேவை. இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டுகிறவர், கடைக்காரரே பிரித்துத் தந்த மாதிரி கையில் வந்த நல்ல பொருளைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

வாளியில் எல்லாமே காரீயம் என்று நம்பிய காலம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005லும் கலிஃபோர்னியா 2010லும் கார்களுக்கு ஈய எடைத்துண்டைத் தடுத்தன. இடத்தைப் பிடித்தவை இரும்பும் துத்தநாகமும். ஆகவே அடுப்பைப் பற்றவைக்கும் முன், தரையில் கொட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் பெரும்பகுதி இதுதான் என்பேன். சில துண்டுகளில் உலோகத்தின் குறியீட்டு எழுத்து பொறித்திருக்கும். இல்லாவிட்டால் சிமென்ட் தரையில் போட்டுப் பார்க்கலாம்: காரீயம் ‘தொப்’பென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். அதிலும் சந்தேகம் என்றால் கட்டிங் பிளையரால் கடிக்க வேண்டும். காரீயத்தில் பல் பதியும், மற்றவற்றில் வழுக்கும்.

அப்படியும் ஒன்றிரண்டு தப்பிச் சட்டிக்குள் போய்விடும். அங்கே கைகொடுப்பது வெப்பமானி. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சட்டியை 350 டிகிரியை ஒட்டியே வைத்திருந்தால், உருகாத துத்தநாகமும் இரும்புக் கிளிப்புகளும் காரீயத்தைவிட இலேசானவை என்பதால் மேலே மிதக்கும். ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துவிடலாம். சீக்கிரம் முடியட்டும் என்று தீயைக் கூட்டினால் துத்தநாகம் கரைந்து, கலவை உப்புமா பதத்துக்குத் தடித்துப்போகும். அச்சின் மூலைகளுக்கு அது ஓடாது.

ஈரம்தான் உயிருக்கு ஆபத்து. உருகிய காரீயத்துக்குள் ஒரு சொட்டு நீர் சிக்கினாலும் நொடியில் ஆவியாகி, சட்டியில் இருப்பதை மேலே வாரி இறைக்கும். காய்ந்த துண்டுகளைக் குளிர்ந்த சட்டியில் நிரப்பிய பிறகே தீ மூட்ட வேண்டும். முகக்கவசம், தோல் கையுறை, கனத்த காலணி இல்லாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது.

உருகியதும் மெழுகுத் துண்டோ மரத்தூளோ போட்டுக் கிளறுவார்கள். ஆக்சைடாக மாறிய உலோகத்தில் ஒரு பங்கு மீண்டும் உள்ளே சேரும். அழுக்கு மேலே திரளும். அப்போது எழும் புகையைக் கண்டுதான் பலர் பயப்படுகிறார்கள். காரீயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். இந்தச் சூட்டில் அதன் ஆவி மிகக் குறைவு. வழித்தெடுத்த கசடின் தூள்தான் விஷம். கையில் ஒட்டி, உணவோடு வயிற்றுக்குப் போகும். சட்டையில் ஒட்டி, குழந்தையின் கைக்குப் போகும். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரம்பைத் தாழ்த்தியது. சின்னப் பிள்ளைகள் புழங்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தடைச் சட்டங்களைக் குறைசொல்லும் வார்ப்பாளர்கள் உண்டு. சாலையில் கழன்று விழும் துண்டுகள் என்ன ஆகின்றன என்று ராபர்ட் ரூட் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க் நகரத்தில் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார். வாகனங்கள் ஏறி ஏறி அவை தூளாகி, தெருப்புழுதியோடு கலக்கின்றன. அந்தப் புழுதியை மூச்சில் வாங்குகிறவர்களுக்கு வார்ப்பு ஒரு பொழுதுபோக்கல்ல. சட்டத்தின் பக்கம்தான் நான். வார்த்து முடித்த பொருளுக்கும் இதே கேள்வி உண்டு. தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987இல் அதன் பெரும்பாலான வகைகளின் விற்பனையை நிறுத்தியது. காண்டர் கழுகுகளை முன்னிட்டு கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது.

வாளியில் காரீயம் குறையக் குறைய, சிலரின் கண் பழைய கார் பேட்டரி மீது விழுகிறது. அதை மட்டும் வீட்டில் தொடவே கூடாது. உள்ளே அமிலம், அதன் தட்டுகளை உருக்கிய கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் கிளம்பக்கூடும். உலகக் காரீயத்தில் பெரும்பங்கு அந்தப் பேட்டரிக்குள்தான் இருக்கிறது. அது எப்படி மீட்கப்படுகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)