வானில் வடம் பிடிப்போர்

கருடன் சிறகசைக்காமல் வானில் வட்டமிடுவதைக் கண்டு வியக்கின்றோம். வெயிலின் வெம்மையால் நிலத்தினின்று மேலெழும் காற்றே அதனைத் தாங்குகின்றது. அக்காற்றின் துணைகொண்டு எஞ்சின் இன்றியே பறக்கும் ஊர்தியும் உண்டு. அதனைக் கிளைடர் என்பர். ஆயினும், தானே நிலத்தை விட்டு எழும் ஆற்றல் பெரும்பாலான கிளைடர்களுக்கு இல்லை. ஆதலின், எஞ்சின் பூண்ட சிறு விமானம் ஒன்று கயிற்றால் அதனை இழுத்துச் சென்று வானில் விடுவதுண்டு. அவ்விமானத்தைச் செலுத்துவோரே இழுவை விமானி. ஊர்த் தேருக்கு வடம் பிடிப்போர் பலர். இவரோ வானில் தனித்து வடம் பிடிப்பவர்.

இப்பணிக்கு எத்துணைப் பழக்கம் வேண்டும்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் விதிகளை நோக்குவோம். அங்குப் பயணிகளைச் சுமக்கும் பெரு விமானங்களைச் செலுத்த விழைவோர் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். கிளைடரை இழுக்க விழைவோருக்கோ, தனி விமானி உரிமமும், அவ்வகை விமானத்தில் தலைமை விமானியாக 100 மணி நேரம் பறந்த பழக்கமும் இருந்தால் பயிற்சிக்கு வழி திறக்கும். இதனை எளிதென்று எண்ணற்க. அந்த நூறு மணி நேரத்தில் அவர் கற்றது தம்மைக் காத்துக்கொள்ளும் கல்வி. இனிக் கற்க வேண்டியது, தம் பின் வருவோரைக் காக்கும் கல்வி.

ஆசிரியர் ஒருவர் இழுக்கும் முறை, வேக வரம்பு, திரும்புகையில் சாயும் அளவு, சைகைகள், இடருற்றபோது செய்வன ஆகியவற்றைப் பயிற்றி, குறிப்பேட்டில் சான்றெழுதித் தருவார். தகுதி பெற்ற விமானி உடனிருக்க, மும்முறையேனும் கிளைடரை இழுத்தோ, இழுப்பது போலப் பறந்தோ காட்டுதலும் வேண்டும்.

அவர் பணியைக் காண்போம். ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள கயிறு விமானத்தையும் கிளைடரையும் பிணைக்கும். விமானி மெல்ல முன்னேறி, கயிற்றின் தொய்வு நீங்கிய பின்னரே முழு விசையையும் கூட்டுவார். கிளைடர் முதலில் எழும். விமானம் பின்னர் எழும். வேகம் மிகினும் குறையினும் பின்வருவோருக்கே துன்பம். ஆதலின், சீரான வேகத்துடன் மெல்லத் திரும்பித் திரும்பி மேலேறுவார். பெரும்பாலும் 600 மீட்டர் அளவில் கிளைடர் கயிற்றை விடுக்கும். உடனே கிளைடர் வலப்புறமும் விமானம் இடப்புறமும் விலகும். தரையிறங்கும்போது, வாலில் தொங்கும் கயிறு வேலியிலும் மரத்திலும் சிக்காதவாறு, விமானி சற்று உயர்ந்தே ஓடுபாதையை அணுகுவார்.

இப்பணியின் பேரிடர் யாதெனின், கிளைடர் அளவு கடந்து மேலேறுதலே. அப்பொழுது கயிறு விமானத்தின் வாலை மேல்நோக்கி இழுக்கும். மூக்கு நிலம் நோக்கிக் கவியும். நிலத்திற்கு அணித்தாக இது நேரின் மீளுதல் அரிது. நொடியும் தாழாது தம் பக்கத்துக் கயிற்றை விடுத்தலே உய்யும் வழி. கயிற்றின் வலிவுக்கும் அளவுண்டு. அது கிளைடரின் உச்ச எடையில் 80 விழுக்காட்டிற்குக் குறைதல் ஆகாது. 200 விழுக்காட்டிற்கு மிகின், எளிதில் அறும் இணைப்புகளைக் கயிற்றின் இரு முனைகளிலும் பொருத்துதல் வேண்டும். அறவேண்டிய வேளையில் அறாத கயிறு இருவரையும் கெடுக்கும்.

சைகைகளும் நன்கு அறிதற்குரியன. விமானம் இறக்கைகளை இருபுறமும் சாய்த்தாட்டினால், உடனே கயிற்றை விடுக என்பது பொருள். வாலின் சுக்கானை மட்டும் அசைத்தால், கிளைடரின் தடைப் பலகைகள் திறந்துள்ளனவா என நோக்குக என்பது பொருள். பின்னதை முன்னதாக மயங்கி, பலகைகள் திறந்தவாறே கயிற்றை விடுத்து இடருற்றோர் உண்டு. ஏட்டில் ஓரெழுத்துத் திரிந்தால் பொருள் கெடும். வானில் ஒரு குறி திரிந்தால் உயிர் கெடும்.

மாணவர்களே! கயிறு விடுபட்டபின் நெடுநேரம் வானில் மிதந்து மகிழ்பவர் கிளைடர் விமானியே. இழுவை விமானியோ இறங்கி வந்து, அடுத்தவரை ஏற்றிவிடக் காத்திருப்பார். அவர் பழக்கம் சிறிதாயினும் பொறுப்புச் சிறிதன்று. பிறரை உயர்த்த முன்செல்வோர், தம் பின் வருவோரை ஒரு கணமும் மறவாதிருத்தல் வேண்டும். இதுவே அவர் பணி நமக்கு உணர்த்தும் பாடமாகும்.