பிணைக்குக் கையொப்பமிட முன்

“ஒரு கையொப்பந்தானே, நாளைக்கு எனக்கும் தேவைப்படும்” என்று மச்சானுக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் வங்கியில் பிணை நிற்பது எமது வர்த்தகர்களிடையே நீண்டகாலமாக இருந்துவரும் வழக்கம். ஒருவருக்கொருவர் உதவுவதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் கையொப்பமிடும் படிவத்தை வாசித்துப் பார்ப்பவர்கள் எம்மவர்களில் வெகு சிலரே.

அண்மையில் புடவை வியாபாரி ஒருவர் என்னைச் சந்தித்தார். பெருநாள் கொள்முதலுக்காக 20 இலட்சம் ரூபா கடன் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். அவரது காசோலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. ஆனாலும் வங்கி கையை விரித்துவிட்டது. காரணம் அவருடைய கடனல்ல; உறவினர் லொறி வாங்கியபோது இவர் போட்ட பிணை. உறவினர் மாதக்கணக்கில் தவணை கட்டவில்லை. அது இவருக்குத் தெரியாது!

இது எப்படி வங்கிக்குத் தெரிந்தது? 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டதே இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். நாம் ‘கிரிப்’ என்று சொல்வது இதைத்தான். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் வழங்கிய கடன்களின் நிலையை இதற்கு அறிவிக்கின்றன. கடனாளியின் பெயரோடு பிணையாளியின் பெயரும் அங்கே பதிவாகிறது. வட்டியில்லா முறையில் முராபஹா வசதி பெற்றாலும் விதி இதுதான். ‘கிரிப்பில் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்’ என்று கடைத்தெருவில் பேசுவது சரியல்ல. அப்படியொரு பட்டியல் அங்கில்லை. பணியகம் தகவலைத் தருகிறது. கடன் கொடுப்பதா, இல்லையா என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது. பிழையான பதிவு இருந்தாலும் அதனை அனுப்பிய வங்கியே திருத்த வேண்டும்.

‘முதலில் கடன் வாங்கியவனைப் பிடிக்கட்டும், பிறகு என்னிடம் வரட்டும்’ என்று பலர் நினைக்கிறார்கள். எமது நாட்டின் உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு அந்த உரிமையைக் கொடுத்துத்தான் இருக்கிறது. ஆனால் வங்கிகளின் அச்சிட்ட பிணைப் படிவங்களில் அந்த உரிமையைக் கைவிடுவதாக வழமையாகவே ஒரு வாசகம் இருக்கும். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற சொற்களையும் காண்பீர்கள். அதாவது, ஐந்து பேர் பிணை நின்றாலும் முழுத்தொகையையும் உங்கள் ஒருவரிடமே வங்கி கேட்கலாம். வசதியுள்ளவரிடந்தான் கேட்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டமும் (1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கம்) சாதாரண வழக்கைப் போன்றதல்ல. அதன்படி வழக்கு வந்தால், நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே எதிர்வாதம் செய்ய முடியும். கட்டளை வந்தவுடன் சட்டத்தரணியிடம் போகாமல் ‘பார்ப்போம்’ என்று இருந்துவிட்டால் கதை முடிந்துவிடும்.

எனவே பிணை நிற்பதாயின் தொகையைக் கேளுங்கள். சில படிவங்கள் ஒரு கடனுக்கு மட்டுமல்ல, அந்தக் கடனாளி பின்னர் எடுக்கும் மேலதிகப் பற்றுக்கும் சேர்த்தே உங்களைக் கட்டிப்போடும். ‘இந்தக் கடனுக்கு மட்டும், இவ்வளவு தொகைக்கு மட்டும்’ என்று எழுதித் தரும்படி முகாமையாளரிடம் கேட்பதில் வெட்கமில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் விளங்கிய ஒருவரிடம் காட்டுங்கள். பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள்.

ஏற்கனவே கையொப்பமிட்டவர்கள் கட்டணம் செலுத்தித் தமது கிரிப் அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்க்கலாம். அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்க முன்னரே அதைச் செய்துவிடுங்கள். தொடர் பிணையாக இருந்தால் இனிமேல் கொடுக்கும் கடன்களுக்குப் பொறுப்பில்லை என்று வங்கிக்கு எழுத்தில் அறிவிக்க இடமுண்டா என்று படிவத்தில் பாருங்கள். இருந்தால் கடிதத்தை நேரில் கொடுத்து, பிரதியில் வங்கியின் முத்திரையையும் திகதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை எடுத்த கடனுக்கான பொறுப்பு அந்தக் கடிதத்தால் நீங்காது.