எந்தக் கட்சிக்காரர் சுப்பராயன்?

கீழ்பென்னாத்தூரிலிருந்து பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர் எந்தச் சாதியாக இருந்தாலும் அருணாசலேசுவரர் சன்னிதிவரை செல்லலாம். தடுக்க யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் தந்த உரிமை அது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1932 நவம்பரில், சென்னைச் சட்டசபையில் கோயில் நுழைவுக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் டாக்டர் ப. சுப்பராயன். அதை மசோதாவாக்க அவர் முயன்றபோது, இது இந்தியா முழுமைக்குமான விவகாரம் என்று சொல்லி 1933 ஜனவரியில் வைஸ்ராய் வில்லிங்டன் அனுமதி மறுத்தார். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர், சென்னை மாகாணத்தின் முதல்வர், இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர், மத்திய அமைச்சர், மகாராஷ்டிர ஆளுநர் என்று வாழ்ந்த இவரை, தரைப்படைத் தளபதி குமாரமங்கலத்துக்கும் மோகன் குமாரமங்கலத்துக்கும் பார்வதி கிருஷ்ணனுக்கும் தந்தை என்ற அளவிலேயே இன்று பலர் அறிவார்கள். இந்த மறதிக்குக் காரணம் உண்டு. எந்தக் கட்சியும் அவரை முழுமையாகத் தன்னவர் என்று சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அவரைக் கட்சிக் கணக்கில் எடைபோடுவதே பிழை. சட்டமாகவும் ஆணையாகவும் உடன்படிக்கையாகவும் எதை எழுதவைத்தார், எதற்குத் துணைநின்றார் என்று பார்ப்பதே நியாயம்.

அவர் மீதுள்ள முதல் குற்றச்சாட்டு, வெள்ளையருக்கு வசதியானவர் என்பது. 1926 தேர்தலில் பெரிய கட்சியாக வந்த சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்ததால், கட்சி சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் முதல்வராக்கினார். சைமன் குழுவைப் புறக்கணிக்கும் தீர்மானத்தை ஒட்டி உடனிருந்த அமைச்சர்கள் இருவரும் விலகினார்கள், இவர் பதவியில் நீடித்தார். நாடே கறுப்புக்கொடி பிடித்த வேளையில் அது தலைகுனிவுதான். அதற்குச் சமாதானம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலியிடத்துக்கு வந்த எஸ். முத்தையா முதலியார்தான் 1928-இல் அரசு வேலைகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு வகுத்த வகுப்புவாரி ஆணையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். அமைச்சரவை கலைந்திருந்தால் அந்த ஆணை அப்போது வந்திருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி. 1930-இல் பதவி போன பிறகுதான் கோயில் நுழைவுத் தீர்மானம் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாற்காலிக்காக மட்டுமே பேசியவர் என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது. காங்கிரசில் சேர்ந்து 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் கல்வித்துறையை ஏற்றவர் இவர். 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானது. அதை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து கல்வி அமைச்சரை விடுவிக்க முடியாது. அதே மனிதர், பி. ஜி. கேர் தலைமையில் 1955-இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, இந்தியை அவசரமாக முன்னிறுத்தும் போக்கை ஏற்காமல், வங்க அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே மாற்றுக்கருத்து எழுதினார். இதைப் பச்சோந்தித்தனம் என்பாருண்டு. பச்சோந்தி சூழ்நிலைக்கு ஏற்றபடி நிறம் மாறும். இவரோ தம் கட்சி டெல்லியில் ஆண்டுகொண்டிருந்தபோதே அதன் போக்குக்கு மாறாக எழுதினார். 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம், அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்ததைக் காட்டுகிறது.

இந்த இயல்புக்குப் பொருத்தமான வேலை தூதர் வேலை. டச்சுக்காரர்களிடமிருந்து 1949 டிசம்பரில் இந்தோனேசியா ஆட்சியுரிமை பெற்ற காலத்தில் அங்கே இந்தியாவின் தூதராக இருந்தார். அவர் காலத்தில்தான், 1951 மார்ச்சில், இரு நாட்டு நட்பு உடன்படிக்கை கையெழுத்தானது. விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றுக்கும் இப்படிப்பட்டவர்கள் தேவைப்பட்டார்கள். பிரான்சோடு பேச்சு நடத்தித் துனீசியாவுக்குத் தன்னாட்சி வாங்கிய மோங்கி ஸ்லிம், 1961-இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவரானார். ஆனால் ஸ்லிம் விடுதலை இயக்கத்துக்குள்ளிருந்தே பேசப் போனவர். சுப்பராயன் ஆட்சிக்குள்ளிருந்து இயக்கத்துக்கு வந்தவர். அதனால்தான் ஸ்லிமுக்கு அங்கே கிடைத்த புகழ் இவருக்கு இங்கே கிடைக்கவில்லை.

வீதியில் போராட்டம் இல்லாமல் கோயில் கதவு திறந்திருக்காது என்பது உண்மை. போராட்டம் வென்றதைச் சட்ட வாசகமாக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்பதும் உண்மை. உள்ளே இருப்பவர் சில நேரம் தவறான ஆணைக்கும் துணைபோவார். 1938 அதற்குச் சாட்சி. ஆகவே 1962 அக்டோபரில் ஆளுநர் பதவியிலேயே மறைந்த சுப்பராயனுக்குச் சிலை எழுப்புவதும் வேண்டாம், அவரைத் துடைத்தெறிவதும் வேண்டாம். 1932-ஐயும் 1938-ஐயும் ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.