உங்கள் 'லொகேஷன்' யார் கையில்?

வேலை முடிந்து இரவில் தனியாக ஆட்டோவில் வரும் மகள், வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு 'லைவ் லொகேஷன்' அனுப்புகிறாள். வண்டி எங்கே வருகிறது என்று வீட்டிலிருந்தே அம்மா பார்த்துக்கொள்ளலாம். 2017-ல் அறிமுகமான இந்த வசதிக்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று கெடு உண்டு. நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

அதே ஆண்டு வந்த ஸ்னாப்சாட்டின் 'ஸ்னாப் மேப்' வேறு ரகம். நண்பர்கள் எல்லோரும் பார்க்கலாம் என்று ஒருமுறை அனுமதித்துவிட்டால், செயலியைத் திறக்கும்போதெல்லாம் நாம் இருக்கும் இடம் அவர்களுடைய மேப்பில் தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இன்ஸ்டாகிராமும் இப்படியொரு மேப்பைக் கொண்டுவந்தது. நாமாக ஆன் செய்தால் மட்டுமே அது இடத்தைக் காட்டும்.

இங்கே 'நண்பர்கள்' யார் என்பதுதான் சிக்கல். அந்தப் பட்டியலில் நெருங்கிய தோழியும் இருப்பார், முகமே தெரியாதவரும் இருப்பார். டியூஷன் எத்தனை மணிக்கு முடிகிறது, வீடு எப்போது பூட்டியிருக்கிறது என்பதை அவரும் கணித்துவிடலாம்.

ஸ்னாப் மேப்பில் 'கோஸ்ட் மோட்' ஆன் செய்தால் நண்பர்களுக்கு நம் இடம் தெரியாது. பிள்ளைகளின் போனில் இதை இன்றே பாருங்கள். வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கக்கூடியவர்களுக்கு மட்டும் லொகேஷனையும் கொடுங்கள்.