விழிவெண்படலத்தின் தடிப்பு எவ்வளவு?

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டுமென்ற ஆவலில் தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் சென்று லேசர் சிகிச்சை பற்றி விசாரிக்கும் இளைஞர், யுவதிகள் எத்தனை நிமிடம், எவ்வளவு செலவு என்றே முதலில் கேட்கின்றனர். தமது விழிவெண்படலத்தின் தடிப்பு எவ்வளவு என்று கேட்போர் அரிது. கேட்கப்பட வேண்டிய முதற் கேள்வி அதுவே என்பது நமது கருத்தாகும்.

கருமணியின் முன்னே கண்ணாடி போன்றிருக்கும் இப்படலம் நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. குறும்பார்வையைத் திருத்துவதற்கு லேசர் கதிர் அதன் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குகின்றது. ஒரு டயொப்டருக்கு 12 முதல் 15 மைக்ரோன் வரை நீக்கப்படுகின்றது. ஆறு டயொப்டர் குறைபாடெனில் எண்பது மைக்ரோனளவு போய்விடும். நீக்கப்பட்டது மீண்டும் வளர்வதில்லை. லாசிக் முறையில் மேற்படையை மூடிபோல் வெட்டித் திறந்து, பின்னர் மூடுகின்றனர். அம்மூடி பழைய உறுதியுடன் ஒட்டுவதில்லையாதலால், கண்ணினுள் உள்ள அமுக்கத்தைத் தாங்கும் பொறுப்பு எஞ்சிய அடிப்படையைச் சேர்கின்றது. அது 250 மைக்ரோனுக்குக் குறையலாகாது என்பது நெடுநாளைய நியமம்.

இக்கதிர் திசுவைக் கருக்காமல் வெட்டும் என்பதை 1981 இல் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் கண்டறிந்தவர்களுள் சென்னையில் பிறந்த ரங்கசுவாமி ஸ்ரீனிவாசனும் ஒருவர். பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியே அவரது முதற் பரிசோதனைப் பொருள்! மூடி திறந்து செதுக்கும் முறைக்கு 1989 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கோலாம் பேமன், ஈரானின் ஷீராஸ் நகரத்தவர்.

பெரும்பாலானோருக்கு இச்சிகிச்சை நற்பலனே தருகின்றது. சில மாதங்கள் கண் வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் என்பவற்றோடு முடிந்துவிடும். ஆயினும் மிகச் சிலருக்கு மெலிந்த படலம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் முன்னோக்கிப் பிதுங்கலாம். 1998 இல் தியோ சைலர் முதன்முதலில் இதனை அறிக்கையிட்டார். படலம் கூம்பாகும் நோய் மறைந்திருக்கும் கண்களே இதற்கு அதிகம் இலக்காகின்றன. அந்நோய் தலைகாட்டுவதும் இளவயதிலேயே. கண்ணைக் கசக்கும் பழக்கமுள்ளோர் இதனை வைத்தியரிடம் மறைக்கலாகாது. ரைபோஃபிளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்டு பிதுங்கலைப் பெரும்பாலும் நிறுத்தலாமேயன்றி, இழந்த வடிவத்தை முழுமையாக மீட்க முடியாது. ஆகவே படலத்தின் வளைவையும் தடிப்பையும் அளக்காமல் திகதி குறிக்கும் இடத்தில் முற்பணம் கட்ட வேண்டாம். கொன்டாக்ட் லென்ஸ் அணிவோர் வைத்தியர் கூறும் காலம் அதனைத் தவிர்த்த பின்னரே அளவெடுக்க வேண்டும்.

இன்னுமொன்று. மெலிந்த கண்ணில் அமுக்கமானி உண்மையிலும் குறைவாகவே காட்டும். குளுக்கோமா கவனிக்கப்படாமற் போகலாம். முதுமையில் கண்புரைக்கு வைக்கும் வில்லையின் கணக்கும் பிசகலாம். எனவே சிகிச்சைக்கு முன்னெடுத்த அளவீடுகளின் பிரதியைக் கேட்டுப் பெற்று, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோவையில் வைத்திருப்பது நன்று. முப்பது ஆண்டுகளின் பின் வேறொரு வைத்தியர் அதனைக் கேட்பார்.